தொடாமல் கேட்ட பறை

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தலித் மாணவர் ஒருவரை அதே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இதையடுத்துத் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், அகர வரிசைப்படி இருக்கை என்று அது பரிந்துரைத்தவை பரவலாக விவாதிக்கப்பட்டன. கயிற்றை அறுத்துவிட முடியும். அதைக் கட்டிக்கொள்ளத் தூண்டிய மனத்தைப் பள்ளிக்கூடம் என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். சாதி தவறு என்ற செய்தி யாருக்கும் எட்டாமல் இல்லை. எட்டிய செய்தி உடம்பில் இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் உட்காரும்போதும், தண்ணீர்ப் பானையில் கை வைக்கும்போதும், யாரை எப்படி அழைப்பது என்று நாக்கு முடிவு செய்யும்போதும் அது வேலை செய்வதில்லை.

செய்திக்கு அப்பால் செல்லும் கல்வியைத் தேடுவோர் உலகெங்கும் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று மிகப் பழையது: இசை. மற்றொன்று மிகப் புதியது: தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர்க் கருவி, 360 டிகிரி வீடியோ, நம்மைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒலிக்கும் முப்பரிமாண ஒலி. இவ்விரண்டையும் சேர்த்துச் சமூகநீதியைக் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கை வளர்ந்துவருகிறது. அந்த நம்பிக்கையை நான் பாதி மட்டுமே ஏற்கிறேன். இந்தத் தொழில்நுட்பத்தை விற்பவர்கள் முதன்மையாகச் சொல்வது, அது உங்களை இன்னொருவராகவே ஆக்கிவிடும் என்பது. கிடைத்துள்ள ஆய்வுகளைப் பார்த்தால் அதன் மிகப் பலவீனமான வாக்குறுதி அதுதான். இசை வேறொன்றைச் செய்கிறது. அது உங்களை இன்னொருவராக ஆக்குவதில்லை, அவருக்கு மாணவராக்குகிறது. சாதி போன்ற ஏற்பாட்டைக் கலைக்க வேண்டுமானால் இந்த இரண்டாவது உறவே தேவை. தொழில்நுட்பம் அதற்குத் துணை நிற்கும் இடத்தில் பயன்படும், அதற்கு மாற்றாக வரும் இடத்தில் கெடுதல் செய்யும் என்பது என் வாதம்.

முதலில் அந்தப் பெரிய வாக்குறுதியைப் பார்ப்போம். 2015 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில், ‘கிளவுட்ஸ் ஓவர் சித்ரா’ என்ற மெய்நிகர்ப் படம் காட்டப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் காபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் எடுத்தது. ஜோர்டானின் ஜாதாரி முகாமில் வாழும் பன்னிரண்டு வயது சிரிய அகதிச் சிறுமியோடு பார்வையாளர் அமர்ந்திருப்பதுபோன்ற உணர்வை அது தருகிறது. அதே ஆண்டு ஒரு மேடை உரையில் மில்க் இந்தத் தொழில்நுட்பத்தைப் பிறர் துயரை உணரவைக்கும் எந்திரம் என்று வர்ணித்தார். அந்தச் சொற்றொடர் பள்ளிகள், அருங்காட்சியகங்கள், தொண்டு நிறுவனங்கள் எங்கும் பரவியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் பெர்னாண்டா எரேராவும் ஜெரமி பெய்லென்சனும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வரும் ஒருவரின் அனுபவத்தைச் சிலர் மெய்நிகரில் கண்டார்கள். சிலர் அதே கதையைப் படித்துக் கற்பனை செய்தார்கள். இரு சாராரும் தங்களுக்குப் பரிவு கூடியதாக ஏறத்தாழ ஒரே அளவில்தான் சொன்னார்கள். ஆனால் எட்டு வாரங்கள் கடந்து பார்த்தபோது, வீடற்றவர்கள் மீதான நல்லெண்ணம் மெய்நிகரில் கண்டவர்களிடம் கூடுதலாக நீடித்திருந்தது. எளியோருக்கான வீட்டுவசதியை ஆதரிக்கும் மனுவில் கையெழுத்திட்டவர்களும் அவர்களிடையே அதிகம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஆய்வுகளை மொத்தமாக அடுக்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. 43 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 5,644 பேரையும் தொகுத்து மார்ட்டிங்கானோவும் எரேராவும் கான்ரத்தும் 2021இல் வெளியிட்ட பகுப்பாய்வு, மெய்நிகர் அனுபவம் உணர்ச்சியைக் கிளறுகிறது, ஆனால் மற்றவர் உலகை எப்படிப் பார்க்கிறார் என்று விளங்கிக்கொள்ளும் திறனைக் கூட்டவில்லை என்கிறது. ஒரு கதையைப் படித்து மனத்தில் கற்பனை செய்வதைவிட இந்த விலையுயர்ந்த கருவி மேலானதாகவும் அமையவில்லை. தொண்டை அடைக்கிறது, புரிதல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இனவெறி தொடர்பான சோதனைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. 2013இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், வெள்ளைப் பெண்களை மெய்நிகரில் கறுப்பு உடலுக்குள் வைத்தபோது அவர்களை அறியாமலே மனத்தில் படிந்திருந்த பாரபட்சம் குறைந்ததாகக் கண்டார்கள். உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஸ்டான்ஃபோர்டில், ஒரு வேலை நேர்காணல் சூழலில் கறுப்பு உடலைத் தரித்தவர்களிடம் பாரபட்சம் கூடியது பதிவாகியிருந்தது. பின்னர் 2020இல் அதே பார்சிலோனா குழு காரணத்தை நெருங்கியது: மெய்நிகரில் சுற்றியுள்ள மனிதர்கள் இணக்கமாக நடந்துகொண்டால் பாரபட்சம் குறைகிறது, முகம் சுளித்தால் கூடுகிறது. இதன் விளைவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவரின் வாழ்வைக் காட்டும் மெய்நிகர்ப் படங்கள் பெரும்பாலும் எதைக் காட்டுகின்றன? அவமானத்தை, விரட்டலை, வன்முறையை. பாரபட்சத்தைக் கூட்டக்கூடிய சூழலையே நாம் பாடமாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற அச்சம் இங்கே நியாயமானது.

மாற்றுத்திறனாளிகள் குறித்த ஆய்வுகள் இந்த அச்சத்தை உறுதிப்படுத்துகின்றன. ஏரியல் சில்வர்மனும் சகாக்களும் பார்வையுள்ளவர்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நடமாடவைத்தார்கள். கண்கட்டை அவிழ்த்தபின், பார்வையற்றவர்கள் வேலை செய்யவும் தனித்து வாழவும் வல்லவர்களா என்று கேட்டபோது, அந்த அனுபவம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். தடுக்கி விழுந்த அந்தச் சில நிமிடங்களையே அவர்கள் ஒரு முழு வாழ்க்கை என்று எண்ணிக்கொண்டார்கள். பார்வையற்றவர் பல ஆண்டுகளில் சேர்த்துக்கொண்ட திறமையும் உத்தியும் நுண்ணிய செவியும் அந்தக் கண்கட்டுக்குள் வரவில்லை. இல்லாமையை இரவல் வாங்கலாம். வாழ்ந்து சேர்த்த அறிவை இரவல் வாங்க முடியாது. பிறர் துயரை அணிந்து பார்க்கும் எல்லாக் கல்வியிலும் இந்த ஓட்டை இருக்கிறது. அது மாணவருக்கு இரக்கத்தைக் கற்றுத்தருகிறது. மதிப்பைக் கற்றுத்தருவதில்லை. சாதிச் சமூகத்தில் இரக்கத்துக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. படியளந்த கைகளுக்கும் இரக்கம் இருந்திருக்கும்.

இதே பார்வையின்மை பற்றி வேறு விதமாகச் செய்யப்பட்ட படைப்பு ஒன்று உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்விப் பேராசிரியராக இருந்த ஜான் ஹல் 1980களின் தொடக்கத்தில் முற்றாகப் பார்வை இழந்தார். தன் அனுபவத்தைக் கேசட்டுகளில் பேசிப் பதிந்துவைத்தார். அந்தப் பதிவுகளைக் கொண்டு 2016இல் ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னெஸ்’ என்ற ஆவணப்படமும், அதனோடு ஒரு மெய்நிகர்ப் படைப்பும் வந்தன. அதில் கேட்பவர் கண்கட்டப்பட்டுத் தடுமாறுவதில்லை. ஹல்லின் குரலே முன்னால் நடக்கிறது. ஒரு பூங்காவில் எந்த ஒலி எங்கிருந்து வருகிறது, மழை பெய்யும்போது ஒவ்வொரு பொருளும் எப்படித் தன் உருவத்தை ஒலியால் வெளிக்காட்டுகிறது என்று அவர் விளக்க, இரு செவிகளுக்கும் தனித்தனியே அமைந்த ஒலி அதைச் சுற்றிலும் எழுப்புகிறது. ஒலிக்கும் பொருள்கள் மட்டும் இருளில் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றி மறைகின்றன. இங்கே பார்வையற்றவர் பரிதாபத்துக்குரியவர் இல்லை. பார்வையுள்ளவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர். கருவி அதே கருவிதான். மாணவரை அது அமர்த்திய இடம் வேறு. இந்த வேறுபாடுதான் இசைக்குப் போகும் வழி.

இசை கூட்டுறவை வளர்க்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கிர்ஷ்னரும் டொமசெல்லோவும் 2010இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் இருவராக ஒரு விளையாட்டில் ஈடுபட்டார்கள். சில இணைகள் சேர்ந்து பாடியும் தட்டியும் ஆடியும் விளையாடின. மற்றவை அதே விளையாட்டை இசையில்லாமல் விளையாடின. பிறகு ஒரு குழந்தையின் கையிலிருந்து கோலிகள் சிதறியபோது, சேர்ந்து இசைத்த இணைகளில்தான் மற்றக் குழந்தை அதிகமாக உதவிக்கு ஓடியது. கேட்டதால் வந்த விளைவில்லை இது. சேர்ந்து செய்ததால் வந்தது. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1932இல் மைல்ஸ் ஹார்ட்டன் தொடங்கிய ஹைலேண்டர் மக்கள் பள்ளி, ஆய்வுக்கூடம் இல்லாமலே இதை அறிந்திருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படிப்பதே சட்டவிரோதமாக இருந்த மாநிலத்தில் அங்கே சேர்ந்து உண்டார்கள், சேர்ந்து பாடினார்கள். ஜில்ஃபியா ஹார்ட்டன் பாடங்களின் நடுவில் பாட்டை வைத்தார். சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பாடப்பட்டு அவரிடம் வந்த ‘வீ ஷால் ஓவர்கம்’, பீட் சீகர், கை கரவான் வழியாக 1960இல் மாணவர் இயக்கத்தின் பாட்டாயிற்று. 1950களின் இறுதியில் ஹைலேண்டருக்குள் போலீஸார் புகுந்து விளக்குகளை அணைத்துச் சோதனையிட்டபோது, அங்கே இருந்த பதின்வயதுச் சிறுமி ஜமிலா ஜோன்ஸ் அச்சமின்மையைச் சொல்லும் புதிய அடி ஒன்றை இருட்டில் பாடத் தொடங்கினார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். 1961இல் அரசு அந்தப் பள்ளியை மூடிச் சொத்தைப் பறிமுதல் செய்தது. பாட்டைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. புதிய அடியைச் சேர்க்க ஒரு சிறுமிக்கும் உரிமை இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்த பொருளாக வரும் மெய்நிகர்ப் படத்தில் மாணவர் தலையைத் திருப்பலாம், அவ்வளவே. ஓர் அடியைக்கூட அவரால் சேர்க்க முடியாது.

இசை எப்போதும் நீதியின் பக்கம் நிற்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. ருவாண்டாவின் புகழ்பெற்ற பாடகர் சிமோன் பிகிண்டியின் பாடல்கள் 1994 படுகொலைக் காலத்தில் வெறுப்பு வானொலியில் ஒலித்தன. பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2008இல் ஒலிபெருக்கி வழியாக அவர் கொலைக்குத் தூண்டியதற்காக அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தது. சேர்ந்து பாடுவது, பாடுகிறவர்களைப் பிணைக்கிறது. வட்டத்துக்கு வெளியே யார் என்பதை அது பார்ப்பதில்லை. நம் ஊர்த் திருவிழாக்களில் சாதிப் பெருமைப் பாடல்கள் அதிர அதிர ஒலிக்கும்போது இளைஞர்களுக்கு ஏற்படுவதும் உண்மையான ஒத்திசைவுதான். வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரூ தொடங்கிய ‘எல் சிஸ்தெமா’ இன்னொரு எச்சரிக்கை. ஏழைக் குழந்தைகளை இசைக்குழுக்கள் மூலம் மேலே கொண்டுவரும் திட்டம் என்று உலகம் அதைப் போற்றியது. கள ஆய்வு செய்த ஜெஃப்ரி பேக்கர் 2014இல் வெளியிட்ட நூலில், அங்கே நிலவிய கண்டிப்பான மேல்கீழ் ஒழுங்கு சமூகநீதியோடு பொருந்தவில்லை என்று காட்டினார். ஆகவே, எந்த இசை, யார் யாருக்குக் கற்பிக்கிறார், வட்டத்துக்குள் யார் இருக்கிறார் என்பவைதான் கேள்விகள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளைப் பறையைப் போல் கூர்மையாக எழுப்பும் கருவி வேறில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்து எண்ணுகிறது. மருதத்துக்கும் பறை உண்டு, நெய்தலுக்கும் உண்டு. பிற்காலத்தில் அது ஒரு சாதியாரின் மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. சாவுக்கு அடிக்க வேண்டும், சாமிக்கு அடிக்க வேண்டும், ஊருக்குத் தண்டோரா போட வேண்டும்; மறுத்தால் அடியும் ஊர்விலக்கும். இந்த ஏற்பாட்டை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பறையின் ஒலி ஒருபோதும் தீண்டத்தகாததாக இருந்ததில்லை. ஊர்த்தெரு முழுவதும் அதைக் கேட்டது. அந்த அடிக்கு அருள் வந்து ஆடியது. அது இல்லாமல் பிணத்தை எடுக்கவில்லை. தீட்டு என்று விலக்கப்பட்டவை அந்தத் தோலும் அந்தத் தோலைத் தொட்ட கையும். செவிக்கு அனுமதி, விரலுக்குத் தடை. இசையை எடுத்துக்கொண்டு இசைப்பவரைத் தள்ளிநிறுத்தும் இந்தப் பிரிப்பே பறை விஷயத்தில் சாதி செய்துவைத்த வேலை. மிருதங்கமும் இதற்கு விலக்கில்லை. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்தி அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள் என்பதையும், அவர்களுடைய செவிநுட்பம் எவ்வளவு பெரியது என்பதையும் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் எழுதினார். 2020இல் அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா பின்னர் அனுமதியை விலக்கிக்கொண்டது.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்து மெய்நிகர்க் கருவியைப் பார்த்தால் ஓர் அபாயம் தெளிவாகும். பார்க்கலாம், கேட்கலாம், மிக அருகில் நிற்பதுபோல் உணரலாம், தொட வேண்டியதில்லை. யாரும் உங்களைத் தொடவும் மாட்டார்கள். தீண்டாமை விதித்த தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அருகில் இருக்கும் உணர்வை மட்டும் தரும் கருவி இது. நகரத்துப் பள்ளி மாணவர் ஒருவர் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு ஓர் அருமையான பறையாட்டத்தின் நடுவில் நிற்கலாம், கண் கலங்கலாம், கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவருடைய பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு படத்தின் துல்லியம் மட்டுமே. மேற்கத்திய இனவெறிச் சூழலில் செய்த மெய்நிகர் ஆய்வுகளை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாததற்கும் இதுவே காரணம். அங்கே பாகுபாடு முதலில் நிறத்தைப் பார்த்து, அதாவது கண் வழியாக வேலை செய்கிறது. ஆகவே மெய்நிகரில் நிறத்தை மாற்றிப் பார்ப்பதற்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. சாதிக்கு நிறம் இல்லை. அது தொடுகையிலும் உணவிலும் இடத்திலும் வாழ்கிறது.

பறையைக் கற்கத் தொடங்கும் மாணவர் இந்த இடத்தில் வேறொன்றைச் செய்தாக வேண்டியிருக்கிறது. தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும்; விறைப்பு வந்ததா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்; மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும்; ஒரு கையில் சிண்டுக்குச்சி, மறு கையில் அடிக்குச்சி. முதல் சில வாரங்கள் அடி தப்பும். தப்பும்போது திருத்துகிறவர், சமூகம் இதுவரை ‘டேய்’ போட்டு அழைத்த ஒருவராக இருக்கலாம். இப்போது அவர் ஆசான். மாணவர் அவருடைய கையையும் முகத்தையும் கூர்ந்து பார்க்காமல் அடி வராது. தன் அறியாமையைப் பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொண்டு, இன்னொருவரின் தேர்ச்சிக்குப் பணிந்து, பிறகு வட்டத்தில் எல்லோரோடும் காலடி சேர்க்கும் இந்த அனுபவத்தில் இரக்கத்துக்கு இடமே இல்லை. இதற்கு நம்மிடம் முன்னோடிகள் இருக்கிறார்கள். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோஃபிலஸ் அப்பாவு, கிராமிய மெட்டுகளிலும் தாளங்களிலும் வழிபாட்டையே அமைத்தார். கருநாடக இசையும் மேற்கத்திய இசையும் கோலோச்சிய இடத்தில் நாட்டுப்புற இசையை அவர் தேர்ந்ததற்குக் காரணம், பாடுகிறவர்கள் அதைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும் என்பது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்திய சக்தி கலைக்குழு, ஆண்கள் மட்டுமே அடித்த பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது. இவ்விருவரின் பணியையும் இசையியலாளர் ஜோயி ஷெரினியன் நூலாகவும் படங்களாகவும் விரிவாகப் பதிந்திருக்கிறார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, பறையையும் கானாவையும் ராப்பையும் ஒன்றாக நிறுத்தியது. அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அப்படியானால் தொழில்நுட்பத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பறைக்குழுவின் ஒலி வெளியில் நின்று கேட்பவருக்கு ஒரே முழக்கமாகத் தோன்றும். உண்மையில் அது பல கைகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டும் விடையளித்தும் நெய்யும் நெசவு. அந்த நெசவைப் பிரித்துக் காட்ட, சுற்றிலும் ஒலிக்கும் பதிவைவிட நல்ல கருவி இல்லை. கனடாவின் ஜேனட் கார்டிஃப் 2001இல் செய்த ‘ஃபார்ட்டி பார்ட் மோட்டட்’ என்ற ஒலிச்சிற்பத்தில், தாமஸ் டாலிஸின் நாற்பது குரல் பாடல் ஒன்று, குரலுக்கு ஒன்றாக நாற்பது ஒலிபெருக்கிகளில் ஒலிக்கிறது. நடுவில் நின்றால் முழுப் பாட்டு. ஒரு பெட்டியின் அருகே போனால் ஒரே மனிதரின் மூச்சு. இதில் தலைக்கருவியே கிடையாது. எட்டுப் பறைகளைத் தனித்தனியே பதிவுசெய்து, வகுப்பறையில் எட்டுச் சிறிய ஒலிபெருக்கிகளை வட்டமாக வைத்தால், மாணவர்கள் அந்த வட்டத்துக்குள் நடந்து ஒவ்வொரு கலைஞரின் அடியையும் பிரித்தறியலாம். ஒரு பெட்டியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு மாணவரை அமர்த்தி, விடுபட்ட அடியை அவரே வாசிக்கச் சொல்லலாம். மிருதங்கம் செய்யும் பட்டறையின் 360 டிகிரி வீடியோவும் இப்படிப்பட்டதே: சபாவில் கேட்கும் ஒலி எந்தக் கைகளில் தொடங்குகிறது என்பதை மறைக்க இடமில்லாமல் அது காட்டும், அந்தக் கைகளுக்குரியவர் தன் சொற்களில் விளக்குவாரானால். ஹல்லின் படைப்பு காட்டிய வழி இது. கலைஞர் அங்கே காட்சிப்பொருளாக நிற்கவில்லை, விளக்கும் ஆசானாக இருக்கிறார்.

இந்த வேலைகளுக்கு அப்பால் தொழில்நுட்பம் ஓர் இயற்பியல் எல்லையில் முட்டுகிறது. தொலைவிலிருக்கும் இருவர் இணையம் வழியாகச் சேர்ந்து வாசிக்கும்போது, ஒலி சென்றடையும் தாமதம் ஏறத்தாழ 25 அல்லது 30 மில்லி விநாடியைத் தாண்டினால் தாளம் தளரத் தொடங்குகிறது. காற்றில் ஒலி அந்த நேரத்தில் கடக்கும் தூரம் சுமார் பத்து மீட்டர். அதாவது, சேர்ந்து வாசிக்க விரும்புகிறவர்கள் ஏறக்குறைய ஒரு பெரிய அறைக்குள் இருந்தாக வேண்டும். வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளை மெய்நிகர் வகுப்பில் இணைத்துப் பறை வாசிக்கவைக்கும் திட்டம் கேட்க நன்றாக இருக்கும். நம் பள்ளிகளின் இணைய வேகத்தில் அது ஒத்திசைவைத் தராது. லைப்ஸிக் குழந்தைகளுக்குக் கிடைத்த பயன் சேர்ந்து செய்ததால் வந்தது. அந்தச் சேர்க்கைதான் இங்கே முதலில் அறுபடும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது தலித் அரசியலின் உள்ளிருந்தே வருகிறது. பறை இழிவின் சின்னம், அதைக் கீழே போட்டதுதான் விடுதலை என்று வாதிட்டவர்கள், போராடியவர்கள் உண்டு. சாவுக்கு அடிக்க மறுத்து அடிவாங்கிய தலைமுறையின் பிள்ளைகளிடம் அதே கருவியைப் பள்ளி மறுபடி கொடுத்தால் அது எந்த நீதி? தண்டோரா வழக்கத்தை நிறுத்தி வாகன ஒலிபெருக்கியைப் பயன்படுத்தும்படி 2022இல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்; அங்கே ஓர் எளிய கருவிதான் மனிதரை அவமானத்திலிருந்து விடுவித்தது. இந்த எதிர்ப்பை நான் முழு எடையோடு ஏற்கிறேன். வகுப்பில் தலித் மாணவர்களை மட்டும் அழைத்துப் பறை அடிக்கவைத்து, மற்றவர்களைக் கைதட்டவைக்கும் ஆண்டுவிழாக்கள் பழைய ஏற்பாட்டையே விளக்கொளியில் நடத்துகின்றன. இதற்கு விடை, கற்பவர் யார் என்பதில் இருக்கிறது. ஊழியமாக அடித்ததும் தேர்ந்து கற்பதும் ஒன்றல்ல. பறை பள்ளிக்குள் வருமானால் எல்லா மாணவருக்கும் பொதுப்பாடமாக வரட்டும், அல்லது வராமலே இருக்கட்டும். எந்த மாணவருக்கும், குறிப்பாக எந்தத் தலித் மாணவருக்கும், மறுக்க உரிமை உண்டு. மறுப்புக்குக் காரணம் கேட்கக் கூடாது. தோலைத் தொடத் தயங்கும் ஆதிக்கச் சாதி மாணவரின் தயக்கத்தை அதோடு சமமாக வைக்கவும் முடியாது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று பேசுவதுதான் அன்றைய பாடம்.

இன்னொரு எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஆசான் கிடைப்பாரா, மெய்நிகர்ப் பாடமாவது எங்கும் போய்ச்சேருமே என்பார்கள். தமிழ்நாட்டில் பறைக் கலைஞர் இல்லாத வட்டாரம் அரிது. அவர்கள் வகுப்பறைக்குள் வராததற்குக் காரணம் தொலைவு இல்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் கலைப்பயணங்களையும் பாடல்களையும் கொண்டே லட்சக்கணக்கானோரை எழுத்துக்கு அழைத்துவந்தது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் கலைக்குழுக்களைக் கொண்டே ஊர்களுக்குள் நுழைந்தது. ஆட்களைக் கண்டுபிடிக்கும் வழி நம் அரசுக்குத் தெரியும். மெய்நிகர்க் கருவிகளின் ஆயுளோ நம் கையில் இல்லை. கூகுள் நிறுவனம் 2015இல் வகுப்பறைகளுக்கென்று கொண்டுவந்த ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ மெய்நிகர்ச் சுற்றுலாத் திட்டத்தை 2021இல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அதன் அட்டைக் கண்ணாடி விற்பனையும் நின்றது. மேலும், தலைக்கருவி மாணவரின் ஒவ்வோர் அசைவையும் பதிகிறது. 511 பேர் பங்கேற்ற ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்றில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவைக் கொண்டே ஒருவரை 95 சதவீதம் சரியாக அடையாளம் காண முடிந்தது. சாதிப் பாகுபாடு பற்றிய பாடத்தில் ஒரு குழந்தை எதைப் பார்த்தது, எங்கே முகம் திருப்பியது என்ற பதிவு எந்த நிறுவனத்திடம் போகிறது என்பதைப் பெற்றோர் கேட்க வேண்டும்.

பயனை அளக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்வி. மெய்நிகர் ஆய்வாளர்கள் மனுவில் விழுந்த கையெழுத்தை எண்ணினார்கள். பறை வகுப்பில் எதை எண்ணுவது? மனப்பான்மை வினாத்தாள்களில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. சரியான விடை எது என்று நம் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓராண்டு முடிவில் மதிய உணவில் யார் யாரோடு உட்காருகிறார்கள், குழுப் பயிற்சிக்கு யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், பறை ஆசானைப் பள்ளிக்கு வெளியே கடைத்தெருவில் கண்டால் எப்படி அழைக்கிறார்கள் என்பவை கண்ணால் பார்த்துப் பதியக்கூடியவை. கயிறு கட்டிய மணிக்கட்டுகளின் எண்ணிக்கையும் பதியக்கூடியதே. இத்தகைய ஆய்வைத் தமிழகப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகள், பறை கற்பிக்கும் பள்ளி, மெய்நிகர்ப் படம் மட்டும் காட்டும் பள்ளி, இரண்டையும் செய்யும் பள்ளி என்று ஒப்பிட்டு நடத்தலாம். செலவு பெரிதில்லை.

பெரிய செலவு வேறிடத்தில் வர வேண்டும். ஆசானுக்கு ஒரு நாள் நிகழ்ச்சிக்கான பொன்னாடை போதாது. கால அட்டவணையில் அவருக்குப் பாடவேளையும், ஆசிரியர் அறையில் நாற்காலியும், மாதச் சம்பளமும் தேவை. அவருடைய அடியைப் பதிந்து மெய்நிகர்ப் பாடமாக்கினால் பதிவின் உரிமையில் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். அது காட்டப்படும் ஒவ்வொரு பள்ளிக்கும் அவர் பெயர் சேர்ந்தே போக வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் பதிவைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். கல்வித் துறை ஒரு தலைக்கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும் அதே கோப்பில் இந்தப் பணியிடமும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அந்தத் திட்டத்தை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று நான் முடிவு செய்வேன்.